உணவும் மருந்தும்

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், கிதாபு அறையின் மேல்தட்டில் ஒரு தடித்த நூல் இருந்தது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே எவரும் அதை எடுப்பதுமில்லை. ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து, எகிப்தில் சுல்தான் அல்காமிலின் மூலிகை அறிஞர்களுக்குத் தலைவராக விளங்கி, 1248-ஆம் ஆண்டு திமிஷ்கு நகரில் மறைந்த இப்னுல் பைத்தார் எழுதிய நூல் அது. ஏறத்தாழ 1,400 பொருள்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் குணமும் குற்றமும் கூறுவது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'தனி மருந்துகளும் உணவுகளும் பற்றிய தொகை நூல்' எனலாம். அரபியில் 'அத்வியா' என்றால் மருந்துகள். 'அக்தியா' என்றால் உணவுகள். இரண்டுக்கும் நடுவே 'வாவ்' என்னும் ஒற்றை எழுத்து நிற்கிறது. தமிழில் நாம் 'உம்' என்று சொல்லும் அதே சொல்தான்.

அந்த வாவ் எழுத்தைப் பற்றி அந்நாளில் நாம் எதுவும் எண்ணவில்லை. இலக்கணம் கற்பித்த ஆலிம்சா, வாவ் இரு பொருள்களைச் சேர்க்கும் என்றார். ஆனால் சேர்க்கப்படும் இரண்டும் வெவ்வேறாக இருந்தால்தான் சேர்ப்பதற்கே பொருளுண்டு என்றும் சொன்னார். அது மனத்தில் தங்கிற்று. பல்லாண்டுகள் கழித்து, வயலில் மருந்தை விளைவிக்கும் புதிய கலையைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அந்தச் சொல்லே நமக்கு விளக்காக வந்து நின்றது.

அதற்குமுன் நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1984-ஆம் ஆண்டு. நமக்கு வயது பதின்மூன்று. நம் வாப்பாவுக்கு நீரிழிவு நோய் முற்றியிருந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் பார்த்துவிட்டு, நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. உம்மா ஒரு மண்பானையில் ஆற்று மணலை நிரப்பி, அதில் நீர் தெளித்து, மணலுக்குள் ஒரு சிறு சட்டியை இறக்கி, அதனுள் அந்தக் கண்ணாடிக் குப்பியை வைத்து மூடுவார்கள். ஊசி போட வரும் கம்பவுண்டர், பானையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல குளிர்ச்சி, உம்மா" என்று பாராட்டுவார். உம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

மூன்று வாரங்கள் சென்றன. வாப்பாவின் முகம் தெளிந்தது. ஒரு மாலை, குப்பியோடு வந்த ஆங்கிலத் தாளை எடுத்து நாம் வாசிக்கத் தொடங்கினோம். பள்ளியில் அப்போதுதான் ஆங்கிலம் பிடிபடத் தொடங்கியிருந்தது; தெரிந்த சொற்களையெல்லாம் உரக்கப் படித்து வாப்பாவுக்குப் பொருள் சொல்வது நமக்கு விளையாட்டு. அத்தாளில் மாடு என்றும் பன்றி என்றும் பொருள்படும் இரு சொற்கள் இருந்தன. நாம் படித்தோம், பொருளும் சொன்னோம். வாப்பா தாளை வாங்கி மடித்துத் தலையணையடியில் வைத்தார்கள். மறுநாள் கம்பவுண்டர் வந்தபோது கையை நீட்டவில்லை.

ஒன்பது நாட்கள் ஊசி இல்லை. காலில் முன்பே இருந்த சிறு காயம் அந்த ஒன்பது நாட்களில் பெருகிற்று. பத்தாம் நாள் உம்மா ஆலிம்சாவை அழைத்து வரச் சொன்னார்கள். ஆலிம்சா வந்து, வாப்பாவின் கட்டிலருகே அமர்ந்து, ஷாஃபியீ மத்ஹபின் சட்டத்தை எடுத்து வைத்தார்கள். பொருள் உருமாறினால் தூய்மையாகிவிடும் என்ற வழியை அவர்கள் தொடவில்லை. நம் மத்ஹபில் அந்த வாசல் மிகக் குறுகியது, தானே காடியாக மாறிய மதுவையும் பதனிட்ட தோலையும் போன்ற சிலவற்றுக்கே அது திறக்கும். அவர்கள் எடுத்தது நிர்ப்பந்தத்தின் சட்டம். உயிருக்கு ஆபத்து, வேறு மருந்து கைக்கெட்டவில்லை, அறிந்த வைத்தியர் சொல்கிறார் என்னும்போது தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். ஆனால் தேவையின் அளவுக்கு மட்டுமே. வேறு வழி பிறந்த அன்றே அனுமதி நீங்கும். இவ்வளவுதான் சொன்னார்கள்.

வாப்பா கேட்டு முடித்துவிட்டுச் சொன்ன சொல் இன்றும் நம் காதில் இருக்கிறது. "அது சரி, ஆலிம்சா. ஆனால் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால், முதல் நாளே உங்களிடம் கேட்டிருப்பேன். இந்த ஒன்பது நாளும் போயிருக்காது."

காலில் ஒரு விரல் போயிற்று. அதன்பின் ஏழாண்டுகள் வாப்பா அந்த ஊசியோடு வாழ்ந்தார்கள். தாளைப் படித்துச் சொன்னது நாம் என்பதால் நெஞ்சில் ஒரு முள் தைத்துக்கொண்டது. ஒருநாள் ஆலிம்சாவிடம் அழுதோம். "படித்ததும் சரி, சொன்னதும் சரி. சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லாததுதான் பிழை" என்றார்கள். ஆறுதலுக்காகச் சொன்னதென்று அன்று எண்ணினோம். அது ஒரு சட்டம் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று.

இனி அந்த இன்சுலினின் வரலாற்றைப் பார்ப்போம். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட், மக்ளியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் அது கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகள், உலகம் முழுவதும் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. எட்டு அவுன்ஸ் தூய இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தன. 51 அமினோ அமிலங்கள் கோத்த சரம் மனித இன்சுலின். பன்றியினுடையது அதில் ஓரிடத்தில் மட்டுமே வேறுபடும், மாட்டினுடையது மூன்று இடங்களில். அந்த நெருக்கம் காரணமாகவே அவை மனிதனுக்குப் பயன்பட்டன.

1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித இன்சுலினின் மரபணுவை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதைக் கொண்டே இன்சுலினைச் செய்வித்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. அதாவது, நம் வாப்பா கையை நீட்ட மறுத்த அந்நாளில், உலகின் வேறொரு கோடியில் மாற்று வழி பிறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. நம் ஊர்க் கடைக்கு அது வந்து சேருமுன் வாப்பா மறைந்துவிட்டார்கள். இன்று அதே நோய் நமக்கும் உண்டு. நாம் போட்டுக்கொள்வது ஈஸ்ட்டில் விளைந்த மனித இன்சுலின். குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வாப்பாவின் நினைவு வரும்.

சில மாதங்களுக்கு முன், நம்மிடம் அரபி ஓதிப் பின்னர்த் தாவரவியல் படித்து ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரியும் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாப்பாவின் கதையை அறிந்தவர். "ஹஜரத், இன்சுலினைச் செடியிலேயே விளைவித்தார்கள், தெரியுமா? குசும்பாச் செடியில்" என்றார்.

குசும்பா என்றதும் நமக்கு 'உஸ்ஃபுர்' என்ற அரபிச் சொல் நினைவுக்கு வந்தது. அதன் பூவிலிருந்து எடுத்த சாயம் தோய்ந்த ஆடையை ஆண்கள் அணிவதைத் தடுக்கும் நபிமொழிகளை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அந்தச் செடியிலா இன்சுலின் என்று வியந்தோம். மாணவர் விளக்கினார்.

கனடாவின் கால்கரி நகரில் செம்பயோசிஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. குசும்பா விதையில் எண்ணெய், நுண்ணிய துளிகளாக உறைகளுக்குள் அடங்கியிருக்கும். அத்துளியைச் சுற்றிக் காக்கும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதத்தின் மரபணுவோடு மனித இன்சுலினின் மரபணுவை இணைத்துச் செடிக்குள் வைத்தார்கள். விதை முற்றும்போது எண்ணெய்த் துளியோடு ஒட்டிக்கொண்டு இன்சுலினும் விளைந்தது. விதையை நீரிலிட்டு அரைத்தால், தயிரைக் கடையும்போது வெண்ணெய் எழுவதுபோல எண்ணெய்த் துளிகள் மேலே மிதந்து வரும். அவற்றோடு இன்சுலினும் வரும். பின்னர் அதை அறுத்துப் பிரிக்கலாம். 2006-இல் அந்நிறுவனம் இதை உலகுக்கு அறிவித்தது. கோடிக்கணக்கில் முதல் போட்டு ஆலை கட்டாமல், வயலையே ஆலையாக்கினால் மருந்தின் விலை இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்த மருந்து சந்தைக்கு வருமுன்னரே, 2012-இல் நிறுவனம் மூடப்பட்டது.

கேட்கக் கேட்க நம் உள்ளம் குளிர்ந்தது. பன்றியில்லை, மாடில்லை, மஞ்சள் பூத்த ஒரு வயல். வாப்பா இருந்திருந்தால் அந்த வயலின் வரப்பில் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பார்கள். இதைவிட நல்ல செய்தி வேறென்ன என்று நாம் கேட்டோம். மாணவர் சிறிது தயங்கிவிட்டு, "இன்னொரு கதையும் இருக்கிறது, ஹஜரத்" என்றார்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புரோடிஜீன் என்றொரு நிறுவனம். அது மக்காச்சோளத்தில் மருந்துப் புரதங்களை விளைவித்தது. பன்றிக் குட்டிகளைத் தாக்கும் வயிற்றுப்போக்கு நோய்க்கான தடுப்புமருந்தை விளைவிக்கும் சோளத்தை, 2001-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் பயிரிட்டார்கள். அறுவடை முடிந்தது. மறு ஆண்டு அதே வயலில் சோயா விதைத்தார்கள். உதிர்ந்து கிடந்த சோளமணிகள் சோயாவுக்கு நடுவே தாமாகவே முளைத்தன. எவரும் முழுமையாகக் களையவில்லை. சோயாவோடு சேர்த்து அறுக்கப்பட்டு, அரோரா என்னும் ஊரின் தானியக் கிடங்கிற்குச் சென்று, அங்கிருந்த சுமார் 5 லட்சம் புஷல் சோயாவோடு கலந்துவிட்டது. ஏறத்தாழ 13,000 டன்னுக்கும் மேல். அது கடைத்தெருவுக்குப் போகுமுன் அரசு தடுத்து நிறுத்திற்று. அதே 2002-இல் அயோவா மாநிலத்திலும் அந்நிறுவனத்தின் சோளத்துக்கு அருகே நின்ற 155 ஏக்கர் சோளம், மகரந்தம் கலந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் அழிக்கப்பட்டது. நிறுவனத்துக்கு 2,50,000 டாலர் தண்டம். கலந்துபோன சோயாவை வாங்கி ஒழிப்பதற்கும் துப்புரவுக்கும் சுமார் 30 லட்சம் டாலர் செலவு.

பன்றியிடமிருந்து வரும் மருந்தை விட்டு விலகச் செடியை நாடினோம். அங்கே பன்றிக்கான மருந்து செடியின் வழியே மனிதனின் தட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. இக்கதையில் நம்மைத் தைத்தது இந்த முரண் மட்டுமன்று. அந்தக் கிடங்கில் தம் சோயாவைக் கொண்டுவந்து கொட்டிய மற்ற உழவர்களை எண்ணிப் பார்த்தோம். அவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. தம் விளைச்சலோடு என்ன கலந்தது என்பதை அவர்களும் அறியார். வாங்க இருந்தவர்களும் அறியார்.

"அதை உண்டிருந்தால் எவருக்கேனும் தீங்கு வந்திருக்குமா?" என்று கேட்டோம். மாணவர் நேர்மையானவர். "பெரும்பாலும் வந்திராது, ஹஜரத். புரதம் வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். இன்சுலினும் அப்படித்தான். அதனால்தான் வாப்பாவுக்கு மாத்திரை கொடுக்காமல் ஊசி போட்டார்கள்" என்றார். மேலும், சோளத்தையும் நெல்லையும் அறிஞர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் எடுத்துரைத்தார். தானியத்துக்குள் புரதம் நெடுநாள் கெடாமல் இருக்கும், குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை, விதைக்கவும் அறுக்கவும் உழவனுக்குப் பழகிய பயிர், செலவு குறைவு. உம்மாவின் மணற்பானையைக் கண்டவர்களாகிய நமக்கு, குளிர்ச்சி வேண்டாத மருந்து என்பது சிறிய செய்தியன்று. அந்த வாதத்தின் கனத்தை நாம் உணர்ந்தோம்.

ஆனால் எல்லாப் புரதமும் வயிற்றில் அழிந்துவிடுவதில்லை. வென்ட்ரியா என்னும் அமெரிக்க நிறுவனம், தாய்ப்பாலில் உள்ள லாக்டோஃபெரின், லைசோசைம் என்ற இரு காவற்புரதங்களை நெல்லில் விளைவித்தது. அவை வயிற்றிலும் குடலிலும் ஓரளவு தாக்குப்பிடிப்பவை. தாக்குப்பிடித்தால்தான் குழந்தைக்குப் பயன். பெரு நாட்டில், வயிற்றுப்போக்கால் வாடிய 5 முதல் 33 மாதம் வரையுள்ள 140 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலோடு இப்புரதங்களையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்கு நோய் 3.67 நாட்களிலும், சேர்க்காத குழந்தைகளுக்கு 5.21 நாட்களிலும் நின்றது. ஒன்றரை நாள் என்பது சிறிதாகத் தோன்றலாம். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்த தாயிடம் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். எனினும், குழந்தைகளுக்குத் தரப்படுவது என்னவென்று பெற்றோருக்கு முழுமையாக விளக்கப்பட்டதா என்ற கேள்வி 2006-இல் அந்நாட்டில் எழுந்தது. வாப்பாவின் கேள்வி ஸ்பானிய மொழியில் கேட்கப்பட்டதாக நமக்குத் தோன்றிற்று.

மத்ரஸாவில் ஓதியவனுக்கு இங்கே வேறொரு மஸ்அலாவும் எழாமல் இராது. தாய்ப்பாலின் புரதம் என்றால் பால்குடி உறவு உண்டாகுமோ? இரண்டு வயதுக்குள், ஐந்து முறை பால் குடித்தால் உறவு நிலைபெறும் என்பது நம் மத்ஹபின் சட்டம். நாம் எண்ணிப் பார்த்தவரை, பால் என்பது ஒரு பெண்ணிடமிருந்து வருவது. இங்கே பெண்ணுமில்லை, பாலுமில்லை. பாலிலுள்ள பலவற்றுள் இரண்டைப் போன்றவற்றை நெல் செய்து தந்திருக்கிறது. ஆகவே உறவுக்கு இடமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இது தீர்ப்பன்று, நம் சிந்தனைதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே, கிண்ணத்தில் இருப்பது என்னவென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நெல்லுக்கு நிலம் கிடைத்த வரலாறும் பாடமானதே. 2005-இல் மிசூரி மாநிலத்தில் பயிரிட முயன்றார்கள். அங்கு நெல் வாங்கும் பெரிய பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ், அந்த நெல் பயிரானால் மிசூரி அரிசியையே வாங்கமாட்டோம் என்று அறிவித்தது. அக்கம்பக்கத்து நெல் உழவர்கள் அஞ்சினார்கள். முடிவில் 2007-இல், வணிகத்துக்காக நெல்லே பயிராகாத கான்சாஸ் மாநிலத்தில், 3,200 ஏக்கர் வரை பயிரிட அமெரிக்க வேளாண்துறை இசைவு தந்தது. உழவர்களின் அச்சம் உடல்நலத்தைப் பற்றியது மட்டுமன்று. தம் அரிசியில் கலப்பில்லை என்று சொல்லும் உரிமை போய்விடுமே என்ற அச்சம் அது. ஒரு வணிகனுக்கு அந்தச் சொல்தான் முதல்.

இத்துறை தொடங்கிய காலத்தில் இன்னும் பெரிய கனவொன்று இருந்தது. ஏழை நாட்டுக் குழந்தைக்கு ஊசியே வேண்டாம், வாழைப்பழத்தை உண்டாலே தடுப்புமருந்து ஏறிவிடும் என்று சார்லஸ் ஆர்ண்ட்சன் முதலிய அறிஞர்கள் நம்பினார்கள். 1998-இல் வெளியான ஆய்வில், 14 பேர் பச்சை உருளைக்கிழங்கைத் தின்றார்கள். மருந்துக் கிழங்கைத் தின்றவர்களுள் மிகப் பலரது உடல் நோயெதிர்ப்புப் பொருளை உண்டாக்கியது. கனவு பொய்யன்று. ஆனால் ஒரு கிழங்கில் மருந்து எவ்வளவு, அடுத்த கிழங்கில் எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். வேகவைத்தால் புரதம் கெடும். ஒரு பழத்துக்குப் பதில் மூன்று பழம் தின்னும் குழந்தையை யார் தடுப்பது? அளவு தெரியாத மருந்து மருந்தாகாது. அந்தப் பழம் இன்றுவரை கடைக்கு வரவில்லை.

'அளவு' என்னும் இச்சொல்லே நம்மை வள்ளுவரிடம் கொண்டுபோகிறது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. ஆனால் அதிலுள்ள பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை உண்பதைப் பற்றியே பேசுகின்றன: செரித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல். உணவு தன் அளவில் நின்றால் மருந்துக்கு வேலையில்லை என்பதே அவர் கருத்து. இப்னு சீனாவும் தம் மருத்துவப் பெருநூலில் உணவு, மருந்து, மருந்துத்தன்மை உள்ள உணவு, உணவுத்தன்மை உள்ள மருந்து, நஞ்சு எனப் பிரித்தே பேசுகிறார். இடையில் கலப்பு நிலைகள் உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. பூண்டும் இஞ்சியும் நம் அடுக்களையில் இரு பெயராலும் வாழ்பவை. ஆனால் எது எந்த நிலையில் நிற்கிறது என்று அறிந்து, பெயர் சொல்லிக் கொடுப்பதே வைத்தியன் கடமை. அமெரிக்காவில் இவ்விரண்டையும் கண்காணிக்கும் அலுவலகத்தின் பெயரும் 'உணவு மற்றும் மருந்து நிர்வாகம்' என்பதே. அங்கும் நடுவில் ஒரு வாவ் நிற்கிறது.

அப்படியானால் செடியில் மருந்து வேண்டவே வேண்டாமா? அவ்வாறு சொல்ல நமக்கு மனமில்லை, நியாயமும் இல்லை. வேறு வழிகள் பிறந்திருக்கின்றன.

கோஷே நோய் என்றொரு அரிய பிறவி நோய் உண்டு. கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று உடலில் குறைவதால், மண்ணீரலும் ஈரலும் வீங்கி, எலும்பு நலியும். அந்த நொதியை முதலில் மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தார்கள். பிறகு ஒருவகை எலியின் உயிரணுக்களில் வளர்த்தார்கள். 2009-இல் அந்த அமெரிக்க ஆலையில் வைரஸ் புகுந்து, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, நோயாளிகள் அளவைக் குறைத்துக்கொண்டு வாடினார்கள். இஸ்ரேல் நாட்டின் கார்மியேல் நகரிலுள்ள புரோட்டாலிக்ஸ் நிறுவனம் அதே நொதியைக் காரட்டின் உயிரணுக்களில் விளைவித்தது. வயலில் அன்று; மூடிய பிளாஸ்டிக் பைகளுக்குள், நீரும் சத்தும் ஊட்டி. 2012 மே 1 அன்று அமெரிக்க நிர்வாகம் அதை ஏற்றது. தாவர உயிரணுவில் விளைந்து மனிதருக்கென ஏற்கப்பட்ட முதல் புரத மருந்து அதுவே. அங்கே காரட் இருக்கிறது. ஆனால் அந்தக் காரட் எவர் தட்டுக்கும் வராது. மகரந்தமில்லை, உதிரும் விதையில்லை, அடுத்த வயலில்லை.

புகையிலையின் ஆஸ்திரேலியச் சுற்றமான ஒரு செடியைக் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்த்து, கனடாவின் மெடிகாகோ நிறுவனம் கொரோனா தடுப்புமருந்து செய்தது. 2022 பிப்ரவரியில் கனடா அரசு அதை ஏற்றது. ஆனால் அந்நிறுவனத்தில் ஒரு சிகரெட் நிறுவனத்துக்குப் பங்கிருந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்க மறுத்தது. 2023-இல் அதன் உரிமையாளர்கள் நிறுவனத்தையே மூட முடிவெடுத்தார்கள். செடி குற்றமற்றது, கூட்டாளிதான் இடறினான்.

நெப்ராஸ்காக் கதைக்குப்பின் அமெரிக்க வேளாண்துறையும் 2003-இல் விதிகளை இறுக்கிற்று. திறந்த மகரந்தச் சேர்க்கைக்கு விடப்படும் மருந்துச் சோளத்தைச் சுற்றி ஒரு மைலுக்குள் வேறு சோளம் கூடாது; வயலைச் சுற்றி 50 அடி தரிசாக விடவேண்டும்; விதைக்கும் கருவியும் அறுக்கும் கருவியும் தனியே இருக்கவேண்டும். நல்ல விதிகள்தாம். ஆனால் 2002-இல் நடந்த தவறு விதி இல்லாததால் நடந்ததன்று. தாமாக முளைத்ததைக் களையவேண்டும் என்ற கட்டளை அன்றும் இருந்தது. மறதி, சோம்பல், காற்று, பறவை ஆகிய நான்கும் எந்த விதியையும் படிப்பதில்லை.

ஆகவே நம் எண்ணம் இதுவே. செடி மருந்து விளைவிக்கட்டும். அது உணவாகாத செடியாக இருக்கட்டும். அல்லது மூடிய கலத்துக்குள் வளரட்டும். மக்கள் அன்றாடம் உண்ணும் தானியத்தை, திறந்த வெளியில், மருந்துக்கு ஏவவேண்டாம். இதனால் மருந்தின் விலை சற்றே ஏறும் என்றால், அந்த ஏற்றம் நியாயமான விலை. நிர்ப்பந்தத்தின் சட்டம் தேவையின் அளவுக்கே செல்லும் என்று ஆலிம்சா சொன்னார்களே, அதே அளவுகோல்தான். மூடிய கலம் என்னும் வழி பிறந்துவிட்டபின், திறந்த வயலுக்குரிய அனுமதி சுருங்குகிறது.

மாணவர் இதை முழுமையாக ஏற்கவில்லை. "குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகள் இன்றும் உலகில் இருக்கின்றன, ஹஜரத். அவர்களுக்குத் தானியத்தில் வரும் மருந்துதான் எட்டும் என்றால்?" என்று கேட்டார். நாம் உடனே விடை சொல்லவில்லை. மணற்பானை கண்முன் வந்து நின்றது. பிறகு சொன்னோம்: "அப்படி ஒரு நாள் வந்தால், அந்த வீட்டாரிடம் கேளுங்கள். இது தானியம், இதற்குள் இன்ன மருந்து, இன்ன அளவு, இன்னதிலிருந்து எடுத்தோம் என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லுங்கள். சொன்னபின் அவர்கள் கையை நீட்டினால், குறை சொல்ல நாம் யார்?"

அவர் போனபின், அலமாரியைத் திறந்து வாப்பாவின் பழைய குர்ஆன் பிரதியை எடுத்தோம். அதன் நடுவே அந்த ஆங்கிலத் தாள் நான்காக மடிந்து இன்னும் இருக்கிறது. வாப்பா அதைக் கிழித்தெறியவில்லை. விரித்தோம். இரு சொற்களின் அடியிலும் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார்கள். ஓரத்தில் அரபுத் தமிழில், நடுங்கும் எழுத்தில் ஒரு குறிப்பு: மகன் படித்துச் சொன்னான், நாளும் கிழமையும், அவ்வளவே.

நம்மீது கோபத்தால்தான் அந்தத் தாளை வாப்பா தலையணையடியில் வைத்தார்கள் என்று நாற்பதாண்டுகளாக எண்ணியிருந்தோம். நன்றியோடு பாதுகாத்தார்கள் என்பது அன்று மாலைதான் விளங்கிற்று.